உடைய வேண்டியது உடையட்டும்

மொழிபெயர்ப்புத் தொழிலில் உங்களுடைய மிகப் பெரிய தோல்வி எது என்று யாராவது கேட்டால், ஐ.நா. அறிக்கையையோ நிதிநிலை உரையையோ நான் சொல்ல மாட்டேன். கோலார் தங்கவயலில், நந்திதுர்க்கில், ஒரு லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பதினைந்து வயதுப் பையனின் கேள்விக்கு முன்னால்தான் நான் தோற்றேன்.

பையன் என் அக்கா மகன். கையில் ரேடியோவால் ஓட்டும் பந்தயக் கார். மடியில் அதன் ஆங்கில விளக்கப் புத்தகம். கார் இடப்பக்கம் ஒழுங்காகத் திரும்புகிறது. வலப்பக்கம் திருப்பினால் கறகறவென்று பல்லைக் கடிக்கிறது. "மாமா, இதுல சர்வோ சேவர்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன?" என்றான். தமிழ் எம்.ஏ. சும்மா இருக்குமா? 'சர்வோ'வுக்கு லத்தீன் வேரைத் தேடிப் போய் 'ஏவல்' என்று பிடித்தேன். 'சேவர்' என்றால் காப்பான். "ஏவல் காப்பான்" என்று அறிவித்தேன். பையன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது, நம்பிக்கை போய்விட்டிருந்தது.

அடுத்த வீட்டுப் பெரியவர் எழுந்து வந்தார். 2001இல் சுரங்கம் மூடப்படும்வரை அதன் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். எழுபத்தைந்து வயதைத் தாண்டியாகிவிட்டது. காரைக் கவிழ்த்தார். முன்சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்த்தார். புத்தகத்தில் இருந்த படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஸ்பிரிங் போட்ட ஷியர் பின்னு. அவ்வளவுதான்" என்றார். பையனுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இன்னும் ஐந்து நிமிடம் பிடித்தது.

ஷியர் பின் என்பது பெரிய எந்திரங்களில் வேண்டுமென்றே பலவீனமாக வைக்கப்படும் ஒரு சிறு ஆணி. ஓடும் எந்திரத்தில் கல்லோ இரும்போ சிக்கிக்கொண்டால், ஆயிரக்கணக்கில் விலையுள்ள பல்சக்கரம் நொறுங்குவதற்கு முன்பாக, சில ரூபாய் பெறும் அந்த ஆணி அறுந்துவிடும். மோட்டார் வெறுமனே சுற்றும். ஆள் போய்க் கல்லை எடுத்துவிட்டு வேறு ஆணியைச் செருகினால் எந்திரம் மறுபடியும் ஓடும். காரிலும் அதே கதைதான். முன்சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டார்ப் பெட்டிக்குச் சர்வோ என்று பெயர். அதற்குள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் கைக்கடிகாரத்தின் உள்ளே இருப்பவை போல மெல்லியவை. சக்கரம் கல்லில் மோதும் அடி நேராக அந்தப் பற்களுக்குப் போகாமல், நடுவில் நிற்கும் ஒரு சுருள்வில் வளைந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்துகொள்ளும். அதுதான் சேவர். அறுந்துபோகாத ஷியர் பின்.

இந்தக் காரை முதலில் வைத்திருந்தவர் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவன ஊழியர். வெளிநாடு போகும் அவசரத்தில் விற்றுவிட்டார். தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் பையனின் சித்தப்பா அதை வாங்கி வந்தார். முதல் சொந்தக்காரர் சேவரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பளபளக்கும் அலுமினியக் கை ஒன்றை இறுக்கிப் பூட்டியிருந்தார். ஸ்டீயரிங் இன்னும் துல்லியமாக இருக்கும் என்ற ஆசை. துல்லியமாகத்தான் இருந்திருக்கும், முதல் கல்லில் மோதும்வரை. சர்வோவைத் திறந்தபோது ஒரு சக்கரத்தில் மூன்று பற்கள் இல்லை.

இந்தக் கார்களைப் பற்றி வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருவிழாக் கடையில் வாங்கும் ரிமோட் கார் வேறு, இது வேறு. கடைப் பொம்மையில் ரிசீவர், வேகக் கட்டுப்பாடு, ஸ்டீயரிங் எல்லாம் ஒரே அட்டையில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். ஒன்று போனால் எல்லாம் போயிற்று. பழைய பேப்பர்காரரிடம்தான் தள்ள வேண்டும். பந்தயக் காரில் மோட்டார் தனி, சர்வோ தனி, ரிசீவர் தனி, சக்கரத்தைத் தாங்கும் கைகள் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எது உடைந்ததோ அதை மட்டும் வாங்கிப் போடலாம். இன்னும் சொன்னால், பல கார்கள் பெட்டியில் வரும்போது காராகவே இருப்பதில்லை. உதிரிகளாக வரும், வாங்கியவர்தான் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டியவருக்குக் கழற்றத் தெரியும் என்பதே இந்த விளையாட்டின் அஸ்திவாரம்.

கம்பியில்லாமல் தூரத்திலிருந்து ஒரு வாகனத்தை ஓட்ட முடியும் என்று 1898இல் நியூயார்க்கில் ஒரு சிறு படகை வைத்துக் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. பார்த்தவர்கள் மந்திரம் என்றார்கள். ரேடியோக் கார் கடைக்கு வர அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1966இல் இத்தாலியின் எல்-ஜி நிறுவனம் ஒரு ஃபெராரியைச் சிறிதாக்கி விற்றது. 1976இல் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம் போர்ஷே 934 மாதிரியைக் கொண்டுவந்தது. மரம் அறுக்கும் தொழிலில் தொடங்கிய நிறுவனம் அது. 1984இல் அதே தமியாவின் கிராஸ்ஹாப்பர் வந்தது. சின்ன மோட்டார், பிளாஸ்டிக் புஷ். வாங்கிய பையன்கள் செய்த முதல் வேலை மோட்டாரைப் பெரிதாக்குவதும், புஷ்ஷை எடுத்துவிட்டு பால் பேரிங் போடுவதும்தான். அதே 1984இல் அமெரிக்காவில் அசோசியேட்டட் நிறுவனத்தின் ஆர்.சி.10 வந்தது. அதன் அலுமினிய அடித்தட்டுக்குத் தங்க நிறம் ஏற்றியிருந்தார்கள். நிறம் மட்டும்தான் தங்கம்.

தங்க நிறத்தைச் சொன்னபோது பெரியவர் சிரித்தார். உண்மையான தங்கத்துக்காக இந்த ஊர் செய்த வேலையில் தங்கத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. எந்திரத்தைப் பார்த்தவர்கள்தான் அதிகம். ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது 1880இல். காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தது 1902இல். பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். அந்த மின்சாரமும் டெஸ்லா வழிகாட்டிய மாறுமின்னோட்டம்தான். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் விண்டிங் எஞ்சின், காற்றை அழுத்தும் கம்ப்ரெசர், தண்ணீர் இறைக்கும் பம்பு, பாறையை மாவாக்கும் மில் எல்லாவற்றையும் ஓடும் நிலையில் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து வந்த தமிழர்களின் பிள்ளைகளும் பேரன்களும். சீமையிலிருந்து உதிரி பாகம் கப்பலில் வரும்வரை காத்திருக்க முடியாது. பட்டறையில் கடைந்து போட்டாக வேண்டும்.

அப்படிப்பட்ட பட்டறையில் பழகிய கைக்கு ஒரு அடி நீளக் கார் எப்படித் தெரிந்திருக்கும்? தங்க ஆசாரிக்கு மூக்குத்தித் திருகு போலத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாசலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வீட்டில் இதுபோல ஒரு கார் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

சர்வோவுக்குப் புதிய பல்சக்கரத் தொகுப்பு வந்தது. புதுச் சர்வோ வாங்குவதைவிட மிகக் குறைந்த செலவு. சேவர் பழைய இடத்துக்குத் திரும்பியது. அடுத்து பேரிங். நான்கு சக்கரங்களில் இரண்டு சுற்றவே மறுத்தன. கழற்றிப் பார்த்தால் உள்ளே வெள்ளை மாவு. "எங்கேடா ஓட்டினே?" என்று பெரியவர் கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். சைனைடு மேடு.

தங்கம் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய கழிவு மண் இந்த ஊரைச் சுற்றி மலைமலையாக நிற்கிறது. பெரிய மேடுகள் பதின்மூன்று. அவற்றிலிருந்து மறுபடியும் கனிமம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மேடு பார்க்கப் பாலைவனம் போல அழகாக இருக்கும். சினிமாக்காரர்கள் வந்து படம் எடுப்பார்கள். காரைத் தாவவிட அதைவிட நல்ல சரிவு கிடைக்காது. ஆனால் அது மணல் அல்ல. மில்லில் அரைத்த பாறை மாவு. சைனைடு கரைசலில் ஊறிய மாவு. காற்றடித்தால் ஊருக்குள் பறந்து வரும். "பேரிங்குக்குள்ள போனது உன் நெஞ்சுக்குள்ளயும் போயிருக்கும். கீழே வேலை பார்த்தவங்க எத்தனை பேரு இருமியே போனாங்க தெரியுமா?" என்றார் பெரியவர். நுரையீரலில் பாறைத்தூள் படியும் சிலிகோசிஸ் நோயைப் பற்றி அவருக்கு யாரும் புத்தகத்தில் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றோடு ஓட்டம் லைனுக்குப் பின்னால் இருக்கும் செம்மண் திடலுக்கு மாறியது.

பேரிங்கின் பக்கமூடியை ஊசிமுனையால் நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டார்கள். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ உலோகத்தோடு நிற்க வேண்டும். காரின் மேல்மூடியில் பட்டால் அது வெளிறி நொறுங்கும். பிளாஸ்டிக் புஷ் இருந்த இரண்டு இடங்களில் 5 மில்லிமீட்டர் துளையும் 11 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் உள்ள பால் பேரிங் போட்டார்கள். பல கார்களுக்குப் பொதுவான அளவு இது. காரின் வேகத்தைக் கூட்ட இதைவிட மலிவான வழி இல்லை. மோட்டாரைத் தொடவே வேண்டாம்.

ஆனால் மோட்டாரைத் தொடாமல் பதினைந்து வயது சும்மா இருக்காது. மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்துக்குப் பினியன் என்று பெயர். அது சுற்றும் பெரிய சக்கரத்தில் 80 பல் இருக்கிறது, பினியனில் 16 பல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஐந்து சுற்று சுற்றினால் பெரிய சக்கரம் ஒரு சுற்று. பினியனை 20 பல்லாக மாற்றினால் நான்கு சுற்றுக்கு ஒன்று. கார் பறக்கும். மோட்டார் கொதிக்கும். பையன் மாற்றினான். ஐந்தே நிமிட ஓட்டத்துக்குப் பிறகு பெரியவர் மோட்டாரின் மேல் விரலை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். "கையை வச்சு மூணு எண்ண முடியலைன்னா சுமை அதிகம்" என்றார். 18 பல்லில் சமரசம் ஆயிற்று.

பினியனை மாற்றினால் இடைவெளியும் மாறும். இரண்டு சக்கரங்களும் நெருங்கி உரசினால் பல் தேயும். விலகி நின்றால் பல் தாவும். இதற்கு ஒரு பழைய உபாயம். நோட்டுப் புத்தகத் தாளிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் கொடுங்கள். மோட்டாரைத் தள்ளி அழுத்தி, திருகை இறுக்குங்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாளில் பல்லின் மடிப்பு விழுந்திருக்க வேண்டும். தாள் கிழிந்திருக்கக் கூடாது. தாள் விட்டுப்போன இடம்தான் சக்கரங்கள் மூச்சுவிடும் இடம். உலகமெங்கும் இந்தக் கார்க்காரர்கள் செய்வது இதுதான் என்று புத்தகத்திலிருந்து நான் படித்துச் சொன்னேன். "அப்போ அவங்களும் சரியாத்தான் பண்றாங்க" என்று பெரியவர் உலகத்துக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

நம் மொழியில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தால் 'மரை கழண்டுவிட்டது' என்கிறோம். மரை என்பது திருகின் சுற்றுவரி என்று அகராதியில் படித்திருக்கிறேன். அது கழண்டால் என்ன ஆகும் என்று இங்கேதான் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் திருகைப் பலமுறை கழற்றிப் பூட்டினால் மரை தேய்ந்து, திருகு வெறுமனே சுற்றும். ஒரு பல்குச்சியை ஒடித்துத் துளைக்குள் வைத்து ஒரு சொட்டு ஒட்டுப்பசை விட்டு, காய்ந்தபின் திருகை மெதுவாக ஏற்றினால் பிடித்துக்கொள்ளும். உலோகத்தில் உலோகத் திருகு அதிர்வில் கழன்று விழாமல் இருக்க ஒரு திரவம் விற்கிறார்கள். அது கிடைக்காத இடத்தில் நகச்சாயம் ஒரு சொட்டு போதும். அக்காவின் நகச்சாயப் புட்டி இப்படித்தான் காலியாயிற்று. ஒன்றை மறக்கக் கூடாது: கடையில் விற்கும் அந்தத் திரவத்தைப் பிளாஸ்டிக்கில் விட்டால் விரிசல் விழும்.

மேல்மூடி பாலிகார்பனேட் தகடு. விரிசல் விட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும். விரிசல் முடிகிற நுனியில் ஒரு சிறு துளை போட்டுவிட்டால் அங்கேயே நின்றுவிடும். இரும்புத் தகட்டுக்குப் பட்டறையில் செய்கிற அதே வைத்தியம். பிறகு உட்பக்கமாக, புண்ணுக்குக் கட்டும் வலைத்துணியை வைத்து, செருப்பு ஒட்டும் ரப்பர் பசையைத் தடவ வேண்டும். வெளிப்பக்கம் வண்ணம் கெடாது. அடி பட்டால் வளையும், உடையாது.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம்.

சக்கரத்தையும் உடலையும் இணைக்கும் கைகள் நைலான். ஓட்டத்தில் அடிக்கடி உடைபவை அவைதான். மூன்றாவது முறை உடைந்தபோது பையன் பொறுமை இழந்தான். சேர்த்து வைத்த காசைச் சித்தப்பாவிடம் கொடுத்து அலுமினியக் கைகளை வரவழைத்தான். நீல நிறம், நகை போல மின்னியது. "இனிமே உடையவே உடையாது தாத்தா" என்றான். பெரியவர் வாங்கிப் பார்த்தார். நல்ல வேலைப்பாடு என்று ஒப்புக்கொண்டார். பிறகு, "இது உடையாது சரி. அப்போ எது உடையும்?" என்று கேட்டார்.

பதில் அன்று மாலையே கிடைத்தது. கார் ஒரு கல்தூணில் மோதியது. அலுமினியக் கைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது பொருத்தப்பட்டிருந்த கியர் பெட்டியின் சுவர் பிளந்துவிட்டது. நைலான் கை ஒன்றின் விலையைப் போலப் பல மடங்கு செலவு. பாகம் வந்து சேர மூன்று வாரம்.

"மோதுன வேகம் எங்கயாவது போய்த்தான் ஆகணும் தம்பி" என்றார் பெரியவர் என்னிடம். "எங்கே போகணும்னு முதல்லயே முடிவு பண்ணி வைக்கறவன்தான் ஃபிட்டர். மலிவா இருக்கறது, சீக்கிரம் மாத்தக்கூடியது, அதுதான் உடையணும். அதை இரும்பாக்கிட்டா உசுர்நிலை உடையும்."

நைலான் கைகள் திரும்பி வந்தன. இந்த முறை ஒரு சடங்கோடு. புதிய நைலான் காய்ந்துபோய், முறுக்காக இருக்கும், அடித்தால் ஒடியும். சமையலுக்குப் பயன்படாத பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கைகளை அரைமணி நேரம் அதில் போட்டுவைத்தால் நைலான் ஈரத்தைக் குடித்து இளகும். அடி பட்டால் ஒடியாமல் வளையும். பையன் இதைப் புத்தகத்தில் படித்துச் சொன்னான். பெரியவர் நம்பவில்லை. வேகவைத்த கையையும் வேகவைக்காத கையையும் வளைத்துப் பார்த்த பிறகு நம்பினார்.

பெரியவருக்குத் தெரியாத இடங்களும் இருந்தன. பழைய காரில் ஆறு செல் கொண்ட 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி. பையன் அதற்குப் பதில் இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி போட விரும்பினான். எடை குறைவு, சக்தி அதிகம். ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும். பழைய வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி லித்தியத்தை அறியாது. கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிடும். அதனால் மின்னழுத்தம் குறைந்தால் கத்தும் சின்ன அலாரம் ஒன்றைப் பேட்டரியில் செருகியே ஓட்ட வேண்டும். ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். உப்பிப்போன பேட்டரியை அமுக்கவோ குத்தவோ கூடாது; தீப்பிடிக்கும். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். இவ்வளவையும் பையன் சொல்ல, பெரியவர் மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அப்போ இது டைனமைட் மாதிரி. பயப்பட வேணாம், மரியாதை குடுத்தாப் போதும்" என்று தன் பாஷையில் மொழிபெயர்த்துக்கொண்டார். நல்ல மொழிபெயர்ப்பு.

வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒருநாள் மூச்சை நிறுத்தியது. அதைத் திறந்தால் உள்ளே பிசின் ஊற்றி மூடியிருந்தது. இருவரும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள். கழற்ற முடியாத பொருளின் முன்னால் ஃபிட்டரும் ஒன்றுதான், தமிழ் எம்.ஏ.வும் ஒன்றுதான். பொருள்களைப் பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022இல் ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்பேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளோடு ஆரம்பித்தார்கள். பொம்மை அந்தப் பட்டியலில் இல்லை. இன்னொரு பக்கம், இறக்குமதிப் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியது. உள்நாட்டுத் தொழிலுக்கு அது நல்லதாக இருக்கலாம். ஏற்கெனவே இருப்பதைத் தூக்கி எறியாமல் பழுது பார்க்கத் தெரிந்தவனின் மதிப்பும் அதோடு ஏறியிருக்கிறது.

இதற்கான சந்தை எங்கே என்று கேட்பவர்களுக்கு: பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு, மும்பையில் லேமிங்டன் ரோடு, டெல்லியில் லஜ்பத் ராய் மார்க்கெட். கெப்பாசிட்டர், ஒயர், கனெக்டர் எல்லாம் சில்லறைக்குக் கிடைக்கும். அளவு தெரிந்து கேட்டால் பேரிங்கும் திருகும் அந்தப் பக்கத்துக் கடைகளிலேயே அகப்படும். பொம்மைக்கு என்று தனி விலை கொடுக்க வேண்டாம். சித்தப்பா விடியற்காலையில் ரயில் ஏறி, இரவில் அந்தப் பொட்டலங்களோடு திரும்புகிறார். சுரங்கம் போன பிறகு ஊரில் பாதிப்பேர் அந்த ரயிலில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றும். மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டிகளின் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றாது.

அக்காவுக்கு இந்தப் பட்டறை பிடிக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது. "நீயாவது சொல்லுடா. பெருசு இவனையும் ஸ்பானர் பிடிக்க வச்சுடும்" என்றாள். அவள் கவலைக்குக் காரணம் இருக்கிறது. கைத்தொழிலில் கரைகண்டவர்கள் நிறைந்த ஊர், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி ஒரே நாளில் வேலையற்ற ஊராக மாறியதை அவள் கண்ணால் பார்த்தவள். விண்டிங் எஞ்சினை இழை இழையாக அறிந்தவர்கள் அடுத்த ஆண்டு பெங்களூரில் காவலாளி உடுப்பில் நின்றார்கள். திறமை இருந்தது, அதைச் செருக இடம் இல்லை.

இதைப் பெரியவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "என்னை மாதிரி ஆகுன்னு நான் சொல்லலியே தம்பி. அவன் டாக்டர் ஆகட்டும், உங்களை மாதிரி எழுதட்டும். எது கையில கிடைச்சாலும் கழட்டிப் பார்க்கத் தெரிஞ்சவனா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே தொடர்ந்தார். "ஷியர் பின் வைக்கறது தப்பில்லே. ஒண்ணு உடைஞ்சுதான் மத்தது பிழைக்கணும்னா உடையட்டும். ஆனா ஷியர் பின் வைக்கறவன் டப்பாவுல ரெண்டு உபரிப் பின்னு இருக்கணும். இல்லாம வச்சா அது எஞ்சினியர் வேலை இல்லே."

சுரங்கத்தில் தங்கம் குறைந்தது, செலவு கூடியது. கணக்கு உதைத்தபோது ஏதோ ஒன்று அறுந்தே ஆக வேண்டும் என்று தில்லியில் முடிவெடுத்தவர்கள் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த ஊருக்கு, உபரியாக ஒரு தொழிலையோ பயிற்சியையோ டப்பாவில் முன்கூட்டியே யாரும் போட்டு வைக்கவில்லை. அதுதான் வழக்கு. பெரியவர் இதை இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. நான் என் தொழில் புத்தியில் விரித்து எழுதுகிறேன்.

அக்காவிடம் ஒரு சமரசம் பேசினேன். வாரத்தில் ஆறு நாள் பாடப் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் கார். அவள் ஒப்புக்கொண்டாள், புது நகச்சாயப் புட்டி வாங்கித்தர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

சென்ற ஞாயிறு கிளம்பும் முன் பையனின் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பழைய பிஸ்கட் டின். நீல அலுமினியக் கைகள் ஒரு மூலையில் துணி சுற்றிக் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், வேகவைத்து ஆறிய நைலான் கைகள் நான்கு: முன்பக்கத்துக்கு இரண்டு, பின்பக்கத்துக்கு இரண்டு. மூடியின் உட்புறம் பையன் தமிழில் எழுதி ஒட்டியிருந்தான்: 'உடைய வேண்டியவை'. 'ஏவல் காப்பா'னைவிட நல்ல தமிழ். நான் திருத்தவில்லை.